கனரகப் பீரங்கிகளில் கழற்றி மாட்டும் தொலைநோக்கிகள்

பீரங்கியின் குழல் நோக்கும் கோடு ஒன்று. அதை இயக்குபவரின் கண் நோக்கும் கோடு இன்னொன்று. முதலாவது, குழலின் உட்துளைக்கு நடுவே ஓடுகிறது. இரண்டாவது, குழலுக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் அமர்ந்திருக்கும் தொலைநோக்கியின் நடுவே ஓடுகிறது. இந்த இரு கோடுகளுக்கும் இடையே உள்ள கோணம் தெரிந்ததாகவும், சுட்ட பின்னும் மாறாததாகவும் இருந்தால்தான் இலக்கைப் பார்ப்பதற்கும் இலக்கை அடிப்பதற்கும் தொடர்பு உண்டாகும். கனரகப் பீரங்கியில் இந்தத் தொடர்பைக் காப்பது கடினம். ஒவ்வொரு வெடிப்பிலும் பெரும் எடை பின்னுக்கு உதைக்கிறது. இலக்கோ பல கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஒரு கலை, அதாவது பாகையில் 60-இல் ஒரு பங்கு பிசகினால், 10 கிலோமீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 3 மீட்டர் விலகும். பீரங்கிப் படையினர் பெரிதும் கையாளும் மில் என்ற அலகு முழு வட்டத்தின் 6400-இல் ஒரு பங்கு. 1 மில் பிசகு அதே தூரத்தில் ஏறக்குறைய 10 மீட்டர் விலகலாகும்.

தொலைநோக்கியைப் பீரங்கியோடு நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டால் சிக்கல் பாதி தீரும். ஆனால் அப்படிச் செய்வதில்லை. கண்ணாடி வில்லைகளும் நுண்ணிய குறுக்கிழைகளும் உள்ள கருவி அது. பீரங்கியை இழுத்துச் செல்லும்போது குலுங்கும், மழையில் நனையும், எதிரியின் குண்டுச் சிதறல் பட்டு உடையும். ஆகவே பயணத்தின்போது அதைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறார்கள். உடைந்தால் கிடங்கிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டுகிறார்கள். எந்தத் தொலைநோக்கியை எந்தப் பீரங்கியில் மாட்டினாலும் குறி மாறக் கூடாது என்பதே பீரங்கி உலகம் தனக்கு வகுத்துக்கொண்ட நிபந்தனை. துப்பாக்கிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் குறிசுடுநர்கள் கையாண்ட 4-ஆம் எண் ரகத் துப்பாக்கியில், தொலைநோக்கிக்கும் துப்பாக்கிக்கும் எண் பொறித்து ஜோடி சேர்த்தார்கள். ஒன்றின் தொலைநோக்கி இன்னொன்றுக்கு ஆகாது. ஒருவர் சுமக்கும் ஆயுதத்துக்கு அது போதும். பல பீரங்கிகள் கொண்ட அணிக்கு அது ஒத்துவராது.

மலாக்காவில் இந்த வரலாற்றின் தொடக்கத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பழைய கோட்டையின் போர்ட்டா டி சந்தியாகோ வாசலருகே வைத்திருக்கும் பழைய பீரங்கிகள் பின்பக்கம் தடித்தும் வாய்ப்பக்கம் மெலிந்தும் இருப்பது தெரியும். மருந்து வெடிக்கும் இடத்தில் உலோகம் கனமாக இருக்க வேண்டும் என்பதால் வந்த வடிவம் அது. குழலின் முதுகின்மேல் கண்ணை ஓட்டிக் குறிவைத்தால், கண் கிடையாகப் பார்க்கும்போது உட்துளை சற்று மேல்நோக்கி நிற்கும். பின்பக்க ஆரம் வாய்ப்பக்க ஆரத்தைவிட 8 செ.மீ. கூடுதலாகவும் குழல் 2.4 மீட்டர் நீளமாகவும் இருந்தால், இரு கோடுகளுக்கும் இடையே ஏறக்குறைய 2 பாகை வேறுபாடு. இதைச் சரிக்கட்ட வாய் விளிம்பில் ஒரு சிறு கட்டையை நிறுத்தி, பின்பக்க உயரத்துக்குச் சமப்படுத்தினார்கள். குழலின் கோட்டையும் கண்ணின் கோட்டையும் இணையாக்கும் முயற்சியில் இது முதல் படிகளுள் ஒன்று.

அந்தக் காலத்தில் அதற்குமேல் தேவைப்படவில்லை. 1511-இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைத் தாக்கியபோதும், 1606-இல் இன்றும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த தஞ்சோங் துவான் முனைக்கு அருகே டச்சு, போர்த்துகீசியக் கப்பல்கள் மோதியபோதும், 1641 ஜனவரியில் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்தபோதும் பீரங்கிகள் நெருங்கி நின்றே சுட்டன. வழவழப்பான குழலில் உருண்டைக் குண்டு தளர்வாக ஓடி, எந்தப் பக்கம் கடைசியாக உரசியதோ அதற்கேற்பத் திரும்பி வெளியேறும். குண்டே அப்படி அலையும்போது நுண்ணிய குறிநோக்கியால் பயனில்லை. டச்சுக்காரர் எழுப்பிய செயின்ட் ஜான் குன்றுக் கோட்டையில் பீரங்கி வாய்கள் கடலை விட்டு உள்நாட்டைப் பார்த்து நிற்கின்றன. பூகிஸ் படைகளின் தாக்குதலை அஞ்சிய காலம் அது. 1784-இல் பூகிஸ் தலைவர் ராஜா ஹாஜியின் முற்றுகையும் மலாக்காவைச் சூழ்ந்தது. எங்கிருந்து ஆபத்து வரும் என்று தெரிந்து, பீரங்கியை அந்தப் பக்கம் திருப்பி வைப்பதே அன்று குறிவைப்பதில் பெரும்பகுதி.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு நிலை மாறியது. குழலின் உட்புறம் மரைபோல் வரிகள் வெட்டப்பட்டன. நீளமான குண்டு சுழன்றுகொண்டே பறந்தது. தூரமும் ஒழுங்கும் பல மடங்கு கூடின. அதோடு ஒரு புதுத் தொல்லையும் வந்தது. வலப்புறமாகச் சுழலும் குண்டு தூரம் போகப் போக வலப்பக்கம் ஒதுங்கும். இதற்காகப் பின்குறியைத் தாங்கும் சட்டத்தை இடப்பக்கம் சிறிது சாய்த்து அமைத்தார்கள். தூரத்துக்காகக் குறியை உயர்த்தும்போது அது தானாகவே இடப்பக்கம் நகரும். குழலும் அதற்கேற்ப இடப்பக்கம் திரும்பும். எளிய வடிவியலைக்கொண்டு ஒரு தொல்லையைத் தீர்த்த அழகான ஏற்பாடு இது. ஆனால் சட்டத்தின் சாய்வு கணக்கிட்டபடி இருக்க வேண்டுமானால், அதன் அடித்தளம் பீரங்கியின்மேல் பிசகில்லாமல் அமர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அப்போதே பிறந்தது.

வெறுங்கண்ணுக்கு ஓர் இயற்கைத் தடை உண்டு. பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தூரங்களில் இருக்கின்றன. கண் ஒரே சமயத்தில் மூன்றையும் கூர்மையாகப் பார்க்காது. தொலைநோக்கி இந்தத் தடையை நீக்குகிறது. குறுக்கிழையும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் விழுவதால் இரண்டும் சேர்ந்தே தெளிவாகத் தெரிகின்றன. உருப்பெருக்கம் என்பது அதற்கு அடுத்தபடி கிடைக்கும் நன்மை. குறுக்கிழை அந்தத் தளத்தில் சரியாக அமையாவிட்டால், கண்ணைச் சற்று அசைத்தாலே இழை இலக்கின்மேல் நகர்வதுபோல் தோன்றும். தொலைநோக்கியைக் கையில் வாங்கியவுடன் செய்யவேண்டிய முதல் சோதனை இதுதான்.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிராட்லி ஃபிஸ்க் 1890-களின் தொடக்கத்தில் கப்பல் பீரங்கிக்குத் தொலைநோக்கி வைத்துச் சோதித்தார். அப்போது தெரியவந்த பெரும் குறை கண்ணாடியில் இல்லை. அதை எங்கே பொருத்துவது என்பதில் இருந்தது. குழலின்மேலேயே பொருத்தினால், சுடும்போது தொலைநோக்கியும் பின்னுக்குப் பாயும். கண்ணை வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் இலக்கு தப்பிவிடும். திரவ அழுத்தத்தால் உதைப்பை விழுங்கும் அமைப்புகள் வந்தபின் வழி பிறந்தது. குழல் பின்னுக்குச் சறுக்க, அதைத் தாங்கும் தொட்டில் இடத்திலேயே நிற்கும். தொட்டில் குழலோடு சேர்ந்து ஏறி இறங்கும். குழலோடு சேர்ந்து உதைக்காது. தொலைநோக்கிக்கு உரிய இடம் அந்தத் தொட்டில்தான். இன்றுவரை இதைவிட நல்ல இடம் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பெர்சி ஸ்காட் இதன் பயனை உலகுக்குக் காட்டினார். 1899-இல் அவர் தலைமையில் இருந்த ஸ்கில்லா கப்பல் போட்டிச் சுடுதலில் நூற்றுக்கு 80 குண்டுகளை இலக்கில் போட்டது. கப்பல் உருளும்போதும் குறுக்கிழையை இலக்கைவிட்டு எடுக்காமல் பீரங்கியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கப் பயிற்சி கொடுத்தார். அடுத்து அவர் தலைமையேற்ற டெரிபிள் கப்பல் சீனக் கடலுக்குப் போனது. அங்கே அவரைச் சந்தித்த அமெரிக்க அதிகாரி வில்லியம் சிம்ஸ், தம் நாட்டுக் கப்பல்களின் குறிநோக்கிகள் எவ்வளவு மோசமானவை என்று வாஷிங்டனுக்கு அறிக்கைமேல் அறிக்கை எழுதினார். தொலைநோக்கி இருந்தும் தாங்கி ஆடினால், கருவி இல்லாத நிலையைவிடக் கேடு என்பதை அவ்விருவரின் அனுபவமும் நிறுவியது. ஆடும் தாங்கி பொய்யான உறுதியைத் தருகிறது. வெறுங்கண்ணுக்காவது தன் குறை தெரியும்.

தமிழர்களுக்கு இந்தப் புதிய குறிபார்க்கும் திறன் ஒரு கப்பலின் பெயராலேயே அறிமுகமானது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரத்தில் நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. இருட்டில் இலக்கைக் காணத் தேடொளி விளக்குகளைப் பாய்ச்சினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 28 விடியலில் அது மலாக்கா நீரிணையின் வடமுனையில் உள்ள பினாங்குக்குள் நுழைந்து, ரஷ்யாவின் செம்சுக் கப்பலையும், வெளியேறும் வழியில் பிரான்சின் மூஸ்கே கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலோடு மோதியபோது, எம்டனின் 105 மி.மீ. பீரங்கிகள் தொடக்கத்திலேயே சிட்னியின் சுடுகட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாக்கின. முடிவில் சிட்னியின் 152 மி.மீ. பீரங்கிகள் வென்றன, ஆனாலும் சிறிய பீரங்கிகள் நெடுந்தூரத்தில் தொடக்கத்திலேயே இலக்கைத் தொட்டது, குறிநோக்கியும் பயிற்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று. தமிழில் எம்டன் என்ற பெயர் அஞ்சத்தக்க சாமர்த்தியசாலியைக் குறிக்கும் சொல்லாக இன்றும் சென்னையிலும் மலேசியத் தோட்டங்களிலும் வழங்குவது தற்செயலல்ல.

கழற்றி மாட்டும் பொருத்தத்தில் மூன்று உறுப்புகள் உண்டு: தொலைநோக்கி, அது அமரும் இருக்கை, இருக்கையைத் தொட்டிலோடு இணைக்கும் தாங்கி. பிழையை எந்த உறுப்பில் திருத்துவது என்பதே இந்தக் கலையின் உயிர்நாடி. தொலைநோக்கிக்குள் இருக்கும் பிழையைத் தொழிற்சாலையிலேயே முற்றிலும் நீக்கிவிட வேண்டும். பீரங்கிக்கு உரிய பிழையை இருக்கையிலோ தாங்கியிலோ திருத்த வேண்டும். இந்த இரண்டையும் கலக்கக் கூடாது. ஒரு பீரங்கியின் கோணலைச் சரிக்கட்டத் தொலைநோக்கியின் குறுக்கிழையை நகர்த்தினால், அந்தப் பீரங்கியில் குறி சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொலைநோக்கியை அடுத்த பீரங்கியில் மாட்டியவுடன் முந்தைய பீரங்கியின் கோணலும் கூடவே வந்து சேரும். களத்தில் அவசரத்தில் நேரும் தவறுகளில் இதற்கு இணையான தீங்கு வேறில்லை. ஏனெனில் தவறு செய்த இடத்தில் அது வெளிப்படாது.

தொலைநோக்கியின் உட்பிழையை அளக்கும் முறை எளியது. அதன் உடலில் இரண்டு இடங்களில் உருட்டிக் கடைந்த வளையங்கள் இருக்கும். அந்த வளையங்களை ஆங்கில வி எழுத்தின் வடிவில் வெட்டிய இரு கட்டைகளில் கிடத்தி, தொலைவில் உள்ள ஒரு புள்ளியைக் குறுக்கிழையால் தொடுகிறார்கள். பிறகு தொலைநோக்கியைத் தன் அச்சில் அரைச் சுற்று உருட்டுகிறார்கள். இழை புள்ளியிலேயே நின்றால் பார்வைக் கோடும் உடலின் அச்சும் ஒன்றுதான். விலகினால், விலகல் உண்மையான பிழையின் இரட்டிப்பு. அதில் பாதியை மட்டும் இழைத் திருகால் திருத்தி, மறுபடி உருட்டிப் பார்க்க வேண்டும். தோட்டங்களின் எல்லையை அளந்த சர்வேயர்களின் தியோடலைட்டிலும் இதே கருத்து வேலை செய்கிறது: கருவியைப் புரட்டிப்போட்டு இரு முறை பார்த்தால் அதன் பிழை தானே தெரிந்துவிடும். பீரங்கியின்மேல் மாட்டிய பிறகு தொலைநோக்கியைப் புரட்ட முடியாது. ஆகவே இந்தச் சோதனை முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

இருக்கைக்கு வேறு இலக்கணம். தொலைநோக்கி ஒவ்வொரு முறையும் அதே முகங்களில், அதே அழுத்தத்தில் போய் அமர வேண்டும். இதற்காகப் புறாவின் வால் வடிவப் பள்ளத்திலோ, சரிந்த பக்கங்களுள்ள காடியிலோ அதை நுழைத்து, ஒரு பிடிப்பு நெம்பால் ஒரு பக்கமாகத் தள்ளி இறுக்குகிறார்கள். இடத்தைத் தீர்மானிப்பது கடினப்படுத்திய எஃகு முகங்கள். திருகுகளின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும். திருகையே இடங்காட்டியாக நம்பிய அமைப்புகள் சில நூறு குண்டுகளுக்குள் தளர்ந்துபோவது இயல்பு. இருக்கையின் நீளமும் முக்கியம். இரு தாங்கு முகங்களுக்கும் இடையே 200 மி.மீ. இருந்து, ஒரு முனையில் 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தால், 10 கிலோமீட்டரில் 5 மீட்டர் விலகல் வரும். அதே ஆட்டம் 50 மி.மீ. நீளமுள்ள இருக்கையில் இருந்தால் விலகல் 20 மீட்டர். முடி அளவு ஆட்டம் என்று ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான். ஒரு மணல் துகள், பெயிண்ட் பிசிறு, துருப் பொட்டு எதுவும் இதே கேட்டைச் செய்யும். ஆகவே தாங்கு முகங்களுக்குப் பெயிண்ட் பூசுவதில்லை. மாட்டுமுன் துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் விடுகிறார்கள்.

பல தொழிற்சாலைகளில் செய்த உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு அளவிகள் உதவுகின்றன. காடியில் ஒரு முனை புக வேண்டும், மறுமுனை புகக் கூடாது என்று கடைந்த இரட்டை அளவிகளால் ஒவ்வொரு இருக்கையையும் சோதிக்கிறார்கள். இவற்றையும் ஒரு தலைமை அளவியோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். இந்தியாவில் இத்தகைய குறிநோக்கிகளைச் செய்யும் பணி டேராடூனில் 1943-இல் நிறுவிய ஆயுதத் தொழிற்சாலையில் வேரூன்றியது.

எல்லாம் செய்த பின்னும், பீரங்கியின்மேல் நேரில் சோதிக்காமல் எதையும் நம்புவதில்லை. பீரங்கியைச் சமதளத்தில் நிறுத்தி, குழலைத் தாங்கும் பக்க அச்சு முளைகள் கிடையாக இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். குழலின் வாய் விளிம்பில் நான்கு பக்கமும் கீறல்கள் இருக்கும். அவற்றின்மேல் இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்து ஒட்டினால் துளையின் நடுப்புள்ளி வாயில் கிடைக்கிறது. பின்பக்கம் ஊசி அடிக்கும் துளை இன்னொரு நடுப்புள்ளி. இந்தத் துளை வழியே நூல்களின் சந்திப்பைப் பார்த்து, குழலைத் தொலைவில் உள்ள ஒரு பொருளுக்கு நேராகத் திருப்ப வேண்டும். குறிநோக்கியின் எல்லா அளவுகோல்களையும் பூச்சியத்தில் வைத்துப் பார்த்தால், குறுக்கிழையும் அதே பொருளைத் தொட வேண்டும். தொடாவிட்டால் தாங்கியின் திருத்தத் திருகுகளால் கொண்டுவந்து, பூட்டு மரையை இறுக்கி, இறுக்கிய பின் மீண்டும் பார்க்க வேண்டும். பூட்டும்போதே நகர்ந்துவிடுவது வழக்கம் என்பதால் கடைசி ஒருமுறை பார்ப்பதை எந்தக் கையேடும் விடுவதில்லை.

பொருள் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். தொலைநோக்கி குழலின் நடுக்கோட்டுக்கு 50 செ.மீ. பக்கத்தில் இருப்பதாகக் கொண்டால், இரண்டையும் 500 மீட்டரில் உள்ள ஒரே கம்பத்தில் குவிக்கும்போது, கோடுகள் இணையாக இல்லாமல் அங்கே வெட்டிக்கொள்ளும். 10 கிலோமீட்டரில் அந்தப் பிழை 10 மீட்டர் அளவு. 5 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பொருளைக் கொண்டு செய்தால் அது பத்தில் ஒன்றாகக் குறைந்து, 1 மீட்டருக்குள் நின்றுவிடும். மலாக்காவில் இதற்கு ஏற்ற பொருள்களுக்குக் குறைவில்லை. ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வானம் தெளிந்த காலையில் 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங் கூர்மையாகத் தெரியும். கடற்கரையில் என்றால் தஞ்சோங் துவானில் 1863-இல் எழுந்த கலங்கரை விளக்கம் போன்ற கட்டடம் அதற்கு மிகப் பொருத்தம். நடுப்பகலில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. சூடான நிலத்திலிருந்து எழும் கானல் பிம்பத்தை அலைக்கழிக்கும். தொலைவான பொருளே கிடைக்காத காட்டுப் பகுதியில், குழலுக்கும் தொலைநோக்கிக்கும் இடையேயுள்ள அதே இடைவெளியில் இரு புள்ளிகள் வரைந்த பலகையை முன்னே நிறுத்தி, குழலை ஒன்றுக்கும் குறுக்கிழையை மற்றொன்றுக்கும் நேராக்குவார்கள்.

பூச்சியத்தில் ஒத்திருப்பது மட்டும் போதாது. குழலைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் குறிநோக்கி காட்டும் கோணத்தையும், குழலின்மேல் வைத்த கோணமானி காட்டும் கோணத்தையும் ஒப்பிட வேண்டும். பல்சக்கரங்களில் தேய்வு இருந்தால், சில உயரங்களில் மட்டும் பிழை தலைகாட்டும். அதைவிட மோசமானது பக்கச் சரிவு. பீரங்கியின் ஒரு சக்கரம் பள்ளத்தில் இருந்து அச்சு 2 பாகை சரிந்திருக்க, குழலை 20 பாகை உயர்த்தினால், குண்டு சரிந்த பக்கம் போகும். 10 கிலோமீட்டரில் ஏறக்குறைய 125 மீட்டர் விலகல். இதற்காகக் குறிநோக்கியின் தாங்கியில் பக்கவாட்டில் ஒரு ரசமட்டமும், தாங்கியை நிமிர்த்தும் திருகும் வைக்கிறார்கள். ஈர மண்ணில், குண்டுக்குக் குண்டு ஒரு சக்கரம் புதையும் மலேசிய நிலத்தில், இந்தச் சிறு குமிழியைப் பார்க்க மறப்பது பெரிய பிழைகளுக்கு நேர்வழி.

எதிரியை நேரில் காணாமலே சுடும் முறை பரவியதும் தொலைநோக்கியின் வடிவமே மாறியது. ஜெர்மனியின் கோர்ஸ் நிறுவனம், பார்ப்பவர் தலையைத் திருப்பாமலேயே எந்தத் திசையையும் பார்க்கக்கூடிய சுழல்தலைக் குறிநோக்கியை உருவாக்கியது. அதைத் தழுவிய 7-ஆம் எண் குறிநோக்கி பிரிட்டிஷ் பீரங்கிகளில் இரு உலகப் போர்களிலும் இருந்தது. பீரங்கிக்குப் பின்னாலோ பக்கத்திலோ உள்ள ஒரு மரத்தையோ நட்ட குச்சியையோ பார்த்து, கணக்கிட்ட கோணத்தை வைத்துச் சுடுவார்கள். இது முழுக்க முழுக்கக் கழற்றி மாட்டும் கருவி: பணி முடிந்ததும் கழற்றித் தோல் பெட்டியில் வைத்துவிடுவார்கள். 1942 ஜனவரியில் மலாயாவில் பின்வாங்கிய படைகளுக்கு அதன் மதிப்பு நன்கு தெரிந்திருக்கும். ஜப்பானியர் மலாக்காவுக்குள் புகுந்தபின் போர் அடுத்திருந்த மூவார் பக்கம் திரும்பியது. ஜனவரி 18 அன்று பக்ரியில் ஆஸ்திரேலிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஜப்பானிய டாங்கிகளை மிகக் கிட்டத்தில் நேர்ப்பார்வையில் அடித்து நொறுக்கின. சில நாளில் பாரிட் சூலோங்கில் சிக்கிய இந்திய, ஆஸ்திரேலியப் படைகள் கனரகக் கருவிகளை அழித்துவிட்டுக் காட்டு வழியே தப்ப வேண்டியதாயிற்று. கைவிடும் பீரங்கியில் முதலில் கழற்ற வேண்டியவை பின்மூடியும் குறிநோக்கியும் என்பது எல்லாப் படைகளிலும் விதி. குறிநோக்கி இல்லாத பீரங்கி எதிரிக்கு வெறும் இரும்பு.

சிங்கப்பூரின் 15 அங்குலக் கடலோரப் பீரங்கிகளில் நெடுந்தூரச் சுடுதலைக் கணக்கு அறைகள் வழிநடத்தின. அங்கே பீரங்கியின் தொலைநோக்கிக்குப் பங்கு குறைவு. சிறிய கடலோரப் பீரங்கிகளில் தானியங்கிக் குறிநோக்கி என்ற நுட்பமான அமைப்பு இருந்தது. பீரங்கி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது தெரியுமாதலால், கப்பலின் நீர்க்கோட்டைத் தொலைநோக்கி தொடும் கோணத்திலிருந்தே தூரம் கிடைத்துவிடும். வளைந்த ஒரு தகடு அதற்கேற்பக் குழலை உயர்த்தும். 30 மீட்டர் உயரத்தில் நிற்கும் பீரங்கிக்கு 3 கிலோமீட்டரில் உள்ள கப்பல், கீழ்நோக்கி அரைப் பாகைக்குச் சற்று மேலான கோணத்தில் தெரியும். ஓதம் 2 மீட்டர் ஏறி, அதற்கேற்பக் கருவியைத் திருத்தாமல் விட்டால், தூரக் கணக்கில் 200 மீட்டர் பிசகும். எனவே நேரத்துக்கு நேரம் ஓத அளவைக் கருவியில் ஏற்றுவது பீரங்கியினரின் அன்றாடக் கடமையாக இருந்தது.

தென்கிழக்காசியத் தட்பவெப்பம் இந்தக் கருவிகளுக்கு எதிரியைப்போலவே தீங்கு செய்தது. ஓயாத ஈரத்தில் வில்லைகளின் உட்பரப்பில் பூஞ்சை படரும். அதன் நுண்ணிய கிளைகள் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலியா, இயற்பியலாளர் தாமஸ் லேபி தலைமையில் 1940-இல் அமைத்த ஒளியியல் கருவிக் குழு இதை ஆராய்ந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஜான் டர்னரின் பணியால், மெர்தியோலேட் என்ற பாதரசச் சேர்மத்தைக் கருவிக்குள் இட்டுப் பூஞ்சையைத் தடுக்கும் வழி கிடைத்தது. பின்னாளில் உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி, இணைப்புகளை ரப்பர் வளையங்களால் அடைத்தார்கள். கண்ணருகே பொருத்தும் மென்மையான கண்காப்பும் ரப்பர்தான். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சே யான் வணிக முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கியதிலிருந்து, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சீவி எடுத்த பால், உலகின் ஒளியியல் கருவிகளை ஈரத்திலிருந்து காத்ததில் ஒரு பங்கு வகித்தது. கருவி வரலாறுகளில் இந்த உழைப்புக்கு ஒரு வரிகூடக் கிடைக்காதது குறைதான்.

1960-களில் மலாக்காவின் சுங்கை ஊடாங் அருகே தெரெண்டாக் முகாமில் 28-ஆம் காமன்வெல்த் காலாட்படைப் பிரிகேட் தங்கியிருந்தது. அக்காலத்துக் காமன்வெல்த் பீரங்கி அணிகளும், பின்னர் மலேசியப் படையும் கையாண்ட இத்தாலிய 105 மி.மீ. 56-ஆம் மாதிரிப் பீரங்கி, 12 பகுதிகளாகப் பிரித்துச் சுமக்கக்கூடியது. கனரகம் என்று சொல்ல முடியாத அளவு இலேசானது என்றாலும், பொருத்தத்தின் சிக்கலை இது மற்ற எதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. தொலைநோக்கி மட்டுமல்ல, குழலும் தொட்டிலும்கூட ஒவ்வொரு முறையும் பிரிந்து சேர்கின்றன. ஆகவே சேர்த்த பின் நூலிழைச் சோதனை செய்யாமல் சுடுவது பாதுகாப்பும் ஆகாது.

டாங்கிகளில் பிரச்சினை இன்னொரு முகம் எடுத்தது. சென்னைக்கு அருகே ஆவடியில் 1961-இல் நிறுவிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி 105 மி.மீ. பீரங்கியோடு வெளிவந்தது. நீண்ட குழலின் மேல்பக்கத்தை வெயில் சுடும்போது அது விரிந்து, வாய் சற்றுத் தொங்கும். மழை பெய்து மேல்பக்கம் குளிர்ந்தால் எதிர்ப்பக்கம் வளையும். 5 மீட்டர் நீளமும் 15 செ.மீ. விட்டமும் உள்ள எஃகுக் குழலில், மேலும் கீழும் 2 பாகை செல்சியஸ் வேறுபாடு இருந்தாலே, வாய் நோக்கும் திசை 2 கிலோமீட்டரில் ஒன்றரை மீட்டர் கீழே போய்விடும். தொலைநோக்கியும் இருக்கையும் குற்றமற்றவையாக இருந்தும் குறி தவறும். இதைக் குறைக்கக் குழலுக்கு வெப்பக் காப்பு உறை போர்த்தினார்கள். அடுத்து வந்த டாங்கிகளில் குழலின் வாயருகே ஒரு சிறு கண்ணாடியைப் பொருத்தி, குறிநோக்கியிலிருந்து அனுப்பும் ஒளி அதில் பட்டுத் திரும்பும் இடத்தைப் பார்த்து, வளைவை அவ்வப்போது அளக்கும் ஏற்பாடு வந்தது.

இக்காலப் பீரங்கிகளில் திசையையும் சாய்வையும் தானே உணரும் சுழல்மானிக் கருவிகளும் கணினியும் வந்துவிட்டன. அவற்றையும் குழலின் உட்துளைக் கோட்டோடு ஒத்திசைத்தே பொருத்த வேண்டும். உணர்கருவியை மாற்றினால் மறுபடி ஒத்திசைக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கைகொடுக்க, கழற்றி மாட்டும் பழைய வகைக் குறிநோக்கியும் அதன் இருக்கையும் பல பீரங்கிகளில் இன்றும் இருக்கின்றன. வாய் விளிம்பில் நூல் இழுப்பதற்குப் பதிலாக உட்துளையில் நுழைக்கும் சிறு தொலைநோக்கியோ லேசர் விளக்கோ வந்திருக்கிறது. எதைக் கொண்டு பார்த்தாலும், குறிநோக்கியை மாற்றிய பின்னும், கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் இழுத்துச் சென்ற பின்னும், பெருமளவு சுட்ட பின்னும் இந்தச் சோதனையை மீண்டும் செய்வதே முறை.